பூட்டுக்குப் பூட்டு

இரும்பு இப்படி முரண்டு பிடிக்காது. சிக்கிக்கொண்டால் அசையாது, சிக்காவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் நின்று பேரம் பேசுகிற பழக்கமெல்லாம் இரும்புக்குக் கிடையாது. ஆனால் இந்தச் சனியன் பிடித்த எஞ்சின் பேரம் பேசியது. முன்பக்கத்து போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி அவள் அழுத்தினால் கால் சுற்று ஒழுங்காக வந்தது, அப்புறம் கனத்தது, அப்புறம் நின்றது. நின்ற இடத்தில் இன்னும் அழுத்தினால் ஒரு விரல் அளவுக்கு விட்டுக்கொடுத்தது. கையை எடுத்ததும் மெதுவாகப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. தூங்குகிற ஆளைப் புரட்டப் பார்த்தால் முனகிக்கொண்டே மறுபடி தன் பக்கம் சாய்ந்துவிடுவானே, அந்த மாதிரி.

"என்கிட்டயே விளையாடுறியா நீ," என்றாள் அவள். எஞ்சினோடு பேசுவது அவளுக்குப் புதிதில்லை. ஆள் மாதிரி நிற்க வைத்துத் திட்டுவாள். பதில் வராது என்ற தைரியம்தான்.

மழை தகரக் கூரையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. மதியம்தான், ஆனால் மேகம் இறங்கிப் பட்டறைக்குள் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது, கரண்டும் போயிருந்தது, டீசலும் கிரீஸும் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன தரையிலிருந்து ஒரு ஈர வாடை எழுந்து தொண்டையில் ஒட்டியது. ஸ்டாண்டில் தலைகீழாக, வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு கிடந்தது அந்த நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். உள்ளே காற்று அடைத்துக்கொண்டு தடுக்கக் கூடாதென்று இன்ஜெக்டர்களை முதலிலேயே கழற்றியாகிவிட்டது. பிஸ்டன்களை நேற்று உருவியாகிவிட்டது. மிச்சம் இருந்தது நடுவில் கிராங்க் தண்டு, பின்னால் அதோடு சேர்ந்து சுற்றுகிற பிளைவீல் சக்கரம், அந்தத் தண்டை அமுக்கிப் பிடித்திருக்கிற ஐந்து மூடிகள். அவ்வளவுதான். சிக்குவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்தே அவளுக்கு ரத்தம் கொதித்தது.

பூட்டியது அவள் புருஷன். அந்தப் பட்டறையில் கழற்றுவது அவள், பூட்டுவது அவன். அவளுடைய அப்பா நடத்திய பட்டறை அது. இவன் வேலைக்கு வந்தவன், வேலையோடு சேர்த்து அவளையும் கட்டிக்கொண்டவன். அவளுக்குப் பொறுமை எள்ளளவும் கிடையாது, போல்ட்டை இறுக்கச் சொன்னால் மரை போகிற மட்டும் இறுக்குவாள். 'நீ பிரிச்சுப் போடு மேஸ்திரி, நான் சேத்து வைக்கிறேன்' என்று கல்யாணமான புதிதிலேயே அவன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். மேஸ்திரி என்பது அவன் வைத்த பட்டப்பேர். வெளி ஆள் முன்னால் அவள் அவனை வாங்க, போங்க என்பாள். பட்டறைக்குள் யோவ்தான்.

போன வாரம் கடைசி மூடியைப் பூட்டி முடித்து, போதுமென்று டார்க் ரெஞ்ச் டிக்கென்று சொன்னதும், அவன் நெற்றி வேர்வையைக் கையால் வழித்து அந்த ஈரக் கையோடேயே எஞ்சினைத் தட்டிக்கொடுத்தான்.

"உசிரக் குடுத்துப் பூட்டியிருக்கேன் மேஸ்திரி. தொட்டுப் பாரு, பூ மாதிரி சுத்தும்."

அவள் தொட்டாள். சுற்றவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவளுக்கு. நாள் பூராவும் தொடைத்துத் தொடைத்துப் பூட்டின லட்சணம் இதுதானா, உன் உசிரு என்ன துருப்பிடிச்ச உசிரா என்று வாய்க்கு வந்தபடி கேட்டாள். எப்போதும் சிரித்து மழுப்புகிறவன் அன்றைக்கு நேராக உள்ளே போய்ப் படுத்தான். மறுநாள் காலையில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

முதலில் நடிப்பு என்றுதான் நினைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவனுக்குப் பூட்ட வரவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது என்கிறான் என்று பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்தாள். ஆனால் தண்ணீர் டம்ளரை வாங்க அவன் கை மடங்கவில்லை. முழங்கால் மடங்கவில்லை. அவள் கூப்பிட்டதும் தலை அவள் பக்கம் கொஞ்சம் திரும்பியது, அப்புறம் கனத்தது, அப்புறம் நின்றது.

உடம்பில் பூட்டுக்குப் பூட்டு யாரோ இறுக்கிவிட்ட மாதிரி இருக்கிறது என்றான். டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, நரம்பில் ஒன்றுமில்லை, மனசில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறதே, முன்னூறு கிலோ, பட்டறையில் தலைகீழாகத் தொங்குகிறது என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அப்போதிருந்து அவளுக்கு ஒரே எண்ணம். எஞ்சின் சுற்றவில்லை என்ற அவமானத்தில் படுத்தவன், எஞ்சின் சுற்றினால் எழுந்துவிடுவான். எஞ்சினைக் கேட்டு லாரிக்காரர் தினமும் ஆள் அனுப்புவதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் எழுந்திருக்க வேண்டும். எழுந்து வந்து மேஸ்திரி என்று கூப்பிட்டு ஏதாவது ஒரு மொக்கை ஜோக் சொல்ல வேண்டும். ஊட்டிவிட்டும் புரட்டிவிட்டும் துடைத்துவிட்டும் அவளுக்குக் கை சலிக்கவில்லை. பயந்துதான் போயிருந்தாள். பயத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது, அதனால் அதெல்லாம் கோபமாகவே வெளியே வந்துகொண்டிருந்தது.

காலையில் லேத்துக்காரர் வந்திருந்தார். கிராங்கைத் தேய்த்து அளவு பண்ணிக் கொடுத்தது அவர்தான், அதனால் அவர் குடையை மடக்குவதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள். அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து பார்த்தார். மூடிகள் இடம் மாறினால்தான் இப்படிப் பிடிக்கும். ஒன்றாம் நம்பரைக் கொண்டுபோய் மூன்றில் வைத்துவிடுவார்கள், இல்லை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிடுவார்கள், கை தேர்ந்தவன்கூட அவசரத்தில் செய்கிற தப்பு அது. ஆனால் நம்பர் எல்லாம் வரிசையாக இருந்தது, அம்புக்குறி எல்லாம் முன்னால் பார்த்திருந்தது. உன் வீட்டுக்காரன் பூட்டினதில் ஒரு குறையும் இல்லை என்றார். பின்னாலிருந்து ஒவ்வொரு மூடியாகத் தளர்த்திச் சுற்றிப் பார், எதைத் தளர்த்தும்போது தண்டு விடுதோ அதுதான் வில்லன் என்று வழி சொன்னார். கிளம்பும்போது எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தவர், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"ஓட்டிப் பாத்தியா தங்கச்சி?"

"எங்கண்ணே. சுத்தவே மாட்டேங்குதுங்கிறேன், ஓட்டுறதாம்."

"சூடா இருக்கு," என்றார். கையைப் பேண்ட்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கொண்டுவந்த குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நடந்து போனார்.

அவர் சொன்ன மாதிரி செய்திருந்தால் பரவாயில்லை. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று அவள் அப்பா சொல்லிச் சொல்லியே ஓய்ந்தார். இப்போது அந்த எஞ்சின் இன்னொரு தரம் கால் சுற்று வந்து, கனத்து, நின்று, சாவகாசமாகப் பழைய இடத்துக்குத் திரும்பியதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த வெறியில், மூலையில் சாத்தியிருந்த நீள இரும்புக் குழாயை எடுத்து வந்து ஸ்பேனர் பிடியில் செருகி, ஸ்டாண்டின் காலில் தன் காலை முட்டுக்கொடுத்து, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். இன்றைக்கு நீயா நானா பார்த்துவிடலாம் என்றாள். தண்டு நின்ற இடத்தைத் தாண்டியது. தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. இரும்பு முறிகிற சத்தம் அவளுக்குத் தெரியும். இது நெட்டி முறிக்கிற சத்தம்.

வீட்டுக்குள்ளிருந்து அவன் அலறினான்.

குழாயைப் போட்டுவிட்டு ஓடினாள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை, அதைத் தாண்டினால் சமையல்கட்டு, அதைத் தாண்டினால் அவன் படுத்திருந்த அறை. கண் இரண்டும் பிதுங்கி, வாயோரம் நுரை கட்டி, சுவரைப் பார்த்த மாதிரி கிடந்தான். தலையைப் பிடித்து யாரோ திருகினார்கள் என்றான். இரண்டு கையாலும் பிடித்து, காலை முட்டுக்கொடுத்துத் திருகினார்கள் என்றான். அவள் கனவு என்றாள். தூங்கவில்லை என்றான் அவன். அப்படியானால் மாத்திரை மயக்கம் என்று கத்தினாள், கத்திக்கொண்டே தைலத்தை எடுத்துக் கழுத்தில் தேய்த்துவிட்டாள். முட்டுக்கொடுத்ததை இவன் எப்படிப் பார்த்தான் என்ற கேள்வி வந்தது. அதைத் தலையை உதறித் தள்ளினாள்.

திரும்பி வந்து பின்பக்கத்து மூடியிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு போல்ட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். இரண்டாவது போல்ட் விட்டதும், மூடி ஒரு மயிரிழை எழும்பி, உள்ளேயிருந்து மூச்சு விட்ட மாதிரி எண்ணெய் கசிந்து அவள் விரல் மேல் வழிந்தது. பூட்டின பிறகு ஒரு தரம்கூட ஓடாத எஞ்சினின் எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, காய்ச்சல்காரன் போர்வையை விலக்கினால் வருமே அது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. ஒரு வாரமாக அவள் அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பேனரை அழுத்தினாள். கால் சுற்றுக்கு மேலேயும் கொஞ்சம் வந்தது.

"மேஸ்திரி!" உள்ளேயிருந்து அவன் குரல். "இங்க வாயேன். கால் அசையுதுடி."

அவள் ஸ்பேனரோடேயே ஓடினாள். நிஜம்தான், போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதம் இரண்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தன, அவன் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது அவளுக்கு அங்கேயே உடைந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பாவி மனுஷா, என்னைப் படுத்தி எடுத்துட்டியே என்று அவன் காலிலேயே ஒரு அடி வைத்தாள். அடித்த பாதம் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, கொஞ்சம் கூடுதலாகவே சாய்ந்து, குதிகால் முன்னால் வந்து நின்றது. அவள் சட்டென்று அதைப் பிடித்து நேராக்கிப் போர்வையை இழுத்து மூடினாள். அவனுக்கு வலித்த மாதிரியே தெரியவில்லை.

"வலிக்குதா?"

"சுகமா இருக்கு. என்ன பண்ணின நீ?"

ஒன்றும் பண்ணவில்லை, மாத்திரை வேலை செய்கிறது என்றாள்.

இரண்டாவது மூடியைத் தளர்த்தும்போது அவள் மெதுவாகத் தளர்த்தினாள். காது உள்பக்கமே இருந்தது. மழை லேசாகியிருந்தது, கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒவ்வொன்றாகக் கேட்டது. போல்ட் விட்டது, வெதுவெதுப்பாக எண்ணெய் வழிந்தது, உள்ளே அவன் ஆகா என்றான். முட்டி விட்டுருச்சு மேஸ்திரி என்றான். அதோடு கட்டிலிலிருந்து ஏதோ நழுவித் தரையில் தொப்பென்று விழுந்தது. என்ன விழுந்தது என்று கேட்டாள். காலுதான், தன்னால இறங்கிருச்சு, நீ வேலையப் பாரு என்று சொல்லிச் சிரித்தான். அவனுடைய சிரிப்பை ஒரு வாரம் கழித்துக் கேட்கிறாள். போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. அந்தச் சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மூன்றாவது மூடிக்குப் போனாள். அது நடு மூடி, மற்றதைவிட அகலம். அதைத் தளர்த்தியபோது அறைக்குள் கட்டில் ஒரு தரம் நீளமாகக் கிரீச்சிட்டது, அப்புறம் ஒரு பெரிய பெருமூச்சு. இடுப்பு என்று அவன் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

எனக்குத்தான் மரை கழன்றுவிட்டதா என்று நெற்றியை உள்ளங்கையால் அறைந்துகொண்டாள். அப்புறம் கோபம் வந்தது. இவனை யார் உசிரைக் கொடுக்கச் சொன்னது? எல்லாரும் சொல்கிற பேச்சுதானே அது. தையல்காரன் சொல்கிறான், சமையல்காரன் சொல்கிறான், பரீட்சை எழுதுகிறவன் சொல்கிறான், எவன் கொடுத்தான்? இந்த மனுஷன் ஒருத்தன்தான் சொன்ன சொல்லைச் செய்துவிட்டு வந்து படுத்துக்கொண்டானா? எவனுடையதோ ஒரு லாரி எஞ்சினுக்கு? கையில் இருந்த ஸ்பேனரை வீசி எறிந்தாள். அது சுவரில் பட்டுத் தகர டப்பாக்களை உருட்டிவிட்டது. சத்தம் அடங்கியதும் உள்ளேயிருந்து அவன், அடுத்தது எப்ப மேஸ்திரி என்று கேட்டான்.

அடுத்தது. அவனுக்குத் தெரிந்திருந்தது.

நான்காவதை அவள் தளர்த்தியிருக்கவே மாட்டாள். ஆனால் அவன் முனக ஆரம்பித்தான். கீழே எல்லாம் லேசாகிவிட்டது, மேலே மட்டும் இறுக்குகிறது, அந்த இறுக்கம் எல்லாம் மேலே ஏறி நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, மூச்சு விட முடியவில்லை என்றான். வார்த்தைக்கு வார்த்தை இழுத்துப் பேசினான். அவள் ஸ்பேனரைத் தேடி எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தளர்த்தினாள். தோள் விட்டது. முழங்கை விட்டது. உள்ளே அவன் கைதட்டினான், அவளைப் பாராட்டுகிற மாதிரி. ஈரத் துணியைத் துணிமேல் போட்டால் வருகிற சத்தம் வந்தது அந்தக் கைதட்டலில்.

மழை நின்றுவிட்டது.

ஐந்தாவது மூடி முன்னால் இருந்தது. தண்டு முக்கால் சுற்று வந்தது இப்போது. அங்கே பிடித்தது. ஒரே ஒரு பிடிதான் பாக்கி. அவள் அதைத் தொடவில்லை. டார்க் ரெஞ்சை எடுத்தாள். அவன் ரெஞ்ச் அது, அவள் கை வைத்ததே இல்லை. நான்காவது மூடியின் போல்ட்டில் மாட்டி மெல்ல, மிக மெல்ல, இறுக்கிப் பார்த்தாள்.

அலறல் இல்லை. அலறக்கூட முடியாத ஒரு சத்தம். கழுத்தை நெரித்தால் வருகிற சத்தம்.

விட்டுவிட்டாள். சத்தம் நின்றதும் அவன் பேசினான். இப்போது சிரிப்பில்லை.

"மேஸ்திரி. உனக்கு இறுக்க வராதும்மா."

"யோவ், பேசாம இரு. நான் ஆளக் கூப்பிடுறேன். லேத்துக்காரரக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம். அந்த ஒண்ணையும் கழட்டிரு. கழுத்து ஒண்ணுதான் புடிச்சிருக்கு. தாங்க முடியல."

"மாட்டேன்."

"உன் கால்ல விழுறேன். கழட்டிரு. நான் எந்திரிச்சு வரணுமா வேணாமா?"

அவள் எஞ்சினைப் பார்த்தாள். தலைகீழாக, வயிற்றைத் திறந்துகொண்டு, அவன் வாடை வீச, அது பாட்டுக்குக் கிடந்தது. இத்தனைக்கும் காரணம் அதுதான். அவனைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கடைசி விரலால் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துப் பல்லிளிக்கிறது. அவளுக்குள் பயம் எல்லாம் ஒரே நொடியில் எரிந்து கோபமாயிற்று. வாழ்க்கை பூராவும் அப்படித்தான் ஆகும் அவளுக்கு. ஸ்பேனரை மாட்டினாள்.

"விடுறா அவர," என்றாள்.

போல்ட் விட்டது. இன்னொரு போல்ட். விட்டது.

பிளைவீலை ஒரு விரலால் தொட்டாள். சுற்றியது. பூ மாதிரி சுற்றியது. தட்டு இல்லை, தடங்கல் இல்லை, சத்தமே இல்லை, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பல்சக்கர விளிம்பில் வாசல் வெளிச்சம் வழுக்கி வழுக்கி ஓடியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சுத்துதுய்யா என்று கத்தினாள். சுத்துது, கேக்குதா?

திரைச்சீலைப் பக்கம் திரும்பினாள்.

"யோவ்."

கட்டில் கிரீச்சிட்டது. பாரம் இறங்குகிற சத்தம். எழுந்துவிட்டான். காலடிச் சத்தத்துக்காகக் காது கொடுத்தாள். காலடி கேட்கவில்லை. ஏதோ இழுபட்டது. நின்றது. இழுபட்டது. சமையல்கட்டுத் தரையில் ஒரு மூட்டை நகர்கிற மாதிரி. பாத்திரம் ஒன்று உருண்டது. அதைத் தாண்டி வந்தது.

"மெதுவா வா," என்றாள்.

சக்கரம் நிற்கவில்லை. ஒரு விரல் தொட்டதற்கு இவ்வளவு நேரம் சுற்றாது. எதுவும் சுற்றாது. அதே வேகம். அதே அமைதி.

திரைச்சீலையின் அடிப்பக்கம் புடைத்தது. ஆள் உயரத்தில் இல்லை. முழங்கால் உயரத்தில். துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது, புறங்கை தரையைத் தேய்த்துக்கொண்டு. அப்புறம் ஒரு பாதம். கைக்குப் பக்கத்திலேயே பாதம். அப்புறம் துணி விலகியது.

அவன்தான். அவன் முகம்தான். சிரித்தது. வலி துளியும் இல்லாத சிரிப்பு. அவளைப் பார்த்தது, கண் கலங்கியிருந்தது, வாய் அசைந்தது. அப்புறம் பக்கவாட்டில் திரும்பியது. காது தெரிந்தது. பின்மண்டை தெரிந்தது. மறு காது. மறுபடி முகம். சிரித்தது. திரும்பியது. காது. பின்மண்டை. காது. முகம். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிளைவீலும் அதுவும் ஒரே சீராக.

முகம் அவள் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை வந்தது. "எந்திரிச்சிட்டேன்." போய்விட்டு வந்தது. "பாரு." போய்விட்டு வந்தது. "மேஸ்திரி."

அவள் இரண்டு கையாலும் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தாள். பல் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. விடவில்லை. நெஞ்சைக் கொடுத்து அமுக்கினாள்.

நின்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முடி தெரிந்தது. உச்சிச் சுழி தெரிந்தது. அதற்குக் கீழே அவன் நெஞ்சும், அவள் காலையில் மாட்டிவிட்ட சட்டைப் பொத்தான்களும் அவளைப் பார்த்து இருந்தன. முகம் அந்தப் பக்கம் இருந்தது.

கையை எடுத்தால் சுற்றும். எடுக்காவிட்டால் இப்படியே.

"இன்னும் கொஞ்சம் திருப்பு மேஸ்திரி," என்றான் அந்தப் பக்கத்திலிருந்து. "நீ தெரிய மாட்டேங்கிற."